மேலிடத்துக்குச் சொல்லியாயிற்று

1

இந்தக் கதை எனக்கு ஓர் இருட்டறையில் கிடைத்தது. பயப்பட வேண்டாம், கண் பரிசோதிக்கிற இருட்டறைதான். வட இங்கிலாந்தில், ஹெம்ஸ்லோ என்கிற சிற்றூரின் கடைத்தெருவில் உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபது வருடத்துக்கும் மேலாக நான் கண் பார்க்கிறேன். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியை முட்டுக்கொடுத்து, எதிரே ஒருவன் மூச்சு விடும் தூரத்தில் உட்கார்ந்துவிட்டால் மனிதர்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. கேட்காததையெல்லாம் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ரோஜாச்செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியதைச் சொன்ன பாதிரியார் ஒருவர் உண்டு.

நெவில் ஆக்ராய்ட் சொன்னது அந்த ரகம் இல்லை. நெவில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். எங்கள் ஊர்ப் பித்தளை வாத்திய பேண்டில் யூஃபோனியம் வாசிக்கிறவர். (குழந்தையை மடியில் வைத்த மாதிரி அணைத்துப் பிடித்து ஊதுகிற பெரிய வாத்தியம். ஆளைப் பார்த்தால் அதட்டும் போலிருக்கும். ஊதினால் கனிந்த ஆண் குரல்.) அதே பேண்டில் நான் பெரிய டிரம் அடிக்கிறேன். என் பெயர் சண்முகவேல், பேண்டில் ஷான்.

"மேல பாருங்க" என்றேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டாக்டரு, பெரிலோட கை போனதுக்குக் காரணம் நாந்தான்."

நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. விளக்கை அவர் கண்ணிலிருந்து எடுக்கவும் மறந்துவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"விட் வெள்ளிக்கிழமை மதியம், சளியும் காய்ச்சலுமாகப் படுத்திருந்த பெரில் ஹெப்வொர்த், கீழே ஏதோ சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கியபோது" — வேண்டாம். முதல் வரியிலேயே ஒருவரை விழவைத்தால், தள்ளியவன் யார் என்று தேடுவதிலேயே உங்கள் நேரம் போய்விடும். தள்ளியவன் யார் என்பது ஊருக்கே தெரியும். ஜெயிலுக்கும் போய் வந்துவிட்டான். சந்தையில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான்.

"நெவில் நல்லவர்." — இதையும் அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் அவர் கெட்டவர் என்று நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

"போலீஸ் ஒரு கடை வைத்தது."

என் தொழிலில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்பார்கள். எனக்கு மூன்றாவதுதான் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அதையே போடுகிறேன்.

3

போலீஸ் ஒரு கடை வைத்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரில், பந்தயக் கடைக்கும் மீன் பொரிக்கும் கடைக்கும் நடுவில். பழைய சாமான் வாங்கி விற்கும் கடை என்று பலகை. உள்ளே சுவரெல்லாம் ஒளித்துவைத்த கேமரா. திருடர்கள் திருடியதைக் கொண்டுவந்து விற்பார்கள். கல்லாவில் நிற்கிறவர் டீ கொடுத்து, ஊர்க்கதை பேசி, வாங்கிக்கொள்வார். ஒருநாள் போலீஸ் எல்லோர் வீட்டுக் கதவையும் ஒரே சமயத்தில் தட்டும். கல்லாவில் நின்றவர் நெவில். அங்கே அவர் பெயர் மிக்; ஹல் துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் இருந்து பிழைப்பு போனவர் என்று கதை கட்டியிருந்தார்கள்.

திருட்டுச் சாமானை வாங்க ஒரு கடை இருந்தால் திருட்டு கூடாதா என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"கூடும்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் நெவில். "அதனாலதான் ரெண்டு சட்டம். ஒண்ணு, அடிமாட்டு வெலைக்குத்தான் வாங்கணும். ரெண்டு, இன்னது வேணும்னு வாயத் தொறந்து கேக்கவே கூடாது. கொண்டாந்தா வாங்கு, கேக்காத. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

ஒருநாள் டேரன் என்கிற பையன் — [பையன் என்று எழுதிவிட்டேன்; முப்பது வயது இருக்கும். நெவில் 'பய' என்று சொன்னது என் பேனாவில் ஒட்டிக்கொண்டது] — ஒரு கார்னெட்டைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தான். கார்னெட் என்பது பேண்டில் முன்வரிசையில் ஊதுகிற சின்ன வாத்தியம். நெவில் அதை எடுத்தார். எடுத்தவர், சிறுவயதிலிருந்து செய்துவந்ததைச் செய்துவிட்டார். மூன்று விசைகளையும் அமுக்கிப் பார்த்து, அடியில் இருக்கும் எச்சில் திறப்பைத் தள்ளி உதறி, ஊதுமுனையைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"ஓய் மிக்கு, என்னய்யா அது?" என்றான் டேரன்.

"எது?"

"அன்னிக்கு நான் தூக்கிட்டு வந்த டீவிய நீ கையால கூடத் தொடல, காலால தள்ளுன. இத என்னமோ கொழந்தைக்கு மூக்குச் சிந்திவிடற மாதிரி தொடைக்கிற. படகுக்காரன்னு சொன்ன? நீ பேண்டுக்காரனா?"

அந்தப் பக்கத்தில் பேண்டுக்காரர்கள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எந்த பேண்டு என்று அடுத்த கேள்வி வந்தால் மிக் செத்தான், கடையும் செத்தது. டேரன் தனியாகவும் வரவில்லை. வாசலில் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் நின்றார்கள், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு.

"நா எங்கப்பா ஊதுறேன்? என் மச்சான் ஊதுவான்" என்றார் நெவில். "அவன் வீட்டுல இதப் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. அவன் ஒரு யூஃபோனியம் கெடைக்குமான்னு நாயா அலையறான். கெடச்சா கண்ண மூடிட்டு வாங்கிக்குவான்."

டேரன் சிரித்தான். கூட்டாளிகளும் சிரித்தார்கள். எல்லோரும் டீ குடித்தார்கள்.

ஏன் யூஃபோனியம் என்று சொன்னீர்கள், வயலின் என்று சொல்லியிருக்கலாமே என்று நெவிலிடம் கேட்டேன். "என் வாயில வேற என்ன வரும் டாக்டரு?" என்றார்.*

*இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர், எழுத்தாளர், பென்சிலால் எழுதினார்: 'நம்பும்படியாக இல்லை. தேர்ந்த ரகசியப் போலீஸ்காரர் இவ்வளவு எளிதாக உளறுவாரா?' நண்பருக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியாது.

4

கோடைத் தொடக்கத்தில் வரும் விட் வெள்ளிக்கிழமைத் திருநாளன்று எங்கள் பக்கத்துப் பேண்டுகள் எல்லாம் மலையடிவாரக் கிராமங்களுக்குப் போய் தெருத்தெருவாக அணிவகுத்து ஊதும். பேண்டுக்காரர் வீட்டில் அன்று ஒரு ஈ காக்காய் இருக்காது. இது டேரனுக்கும் தெரியும். ஆனால் வாத்தியக்காரர் போனால் வாத்தியமும் கூடவே போய்விடுமே என்று அவன் யோசிக்கவில்லை. அப்போது எங்கள் பேண்டில் யூஃபோனியம் வாசித்தவர் பெரில் ஹெப்வொர்த்; அவர் வீட்டில் வாத்தியம் இருப்பது தெருவுக்கே தெரியும். மாலையானால் சன்னல் வழியாகக் கேட்கும். அவ்வளவு போதுமென்று போய்விட்டான்.

அவன் அதிர்ஷ்டம், அன்று வாத்தியம் வீட்டில் இருந்தது. பெரிலக்காவும் இருந்தார். (அவரை மனசுக்குள் நான் பெரிலக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் இனி அப்படித்தான்.) காய்ச்சல். மாடியிலிருந்து இறங்கி வந்தால், ஒருவன் அவருடைய யூஃபோனியத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறான். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். பெரிலக்கா பாய்ந்து வாத்தியத்தைப் பிடித்தார். அவன் இழுத்தான். இவரும் இழுத்தார். அவன் விட்டுத் தள்ளினான்; அவர் விழுந்ததும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வலது மணிக்கட்டு பல துண்டாகிவிட்டது. விசை அமுக்குகிற கை அதுதான். அதன்பிறகு அவர் வாசிக்கவில்லை. இப்போது ஒத்திகை இடைவேளையில் எங்களுக்கு இடது கையால் டீ ஊற்றுகிறார். நாங்கள் வாசிக்கும்போது பின்னால் நின்றுகொண்டு திட்டுகிறார்.

"ஷான் கண்ணு, டிரம்ம அடி, கொல்லாத. நெவிலு, நீ ஊதறது பாட்டா, பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கற சத்தமா? அந்த எடத்துல மூச்சு வுடாதன்னு எத்தன தடவ சொல்றது? இன்னும் நாலு சொரம் தாண்டி வுடுய்யா, செத்துர மாட்ட!"

நெவில் நாலு சுரம் தாண்டித்தான் மூச்சு விடுவார்.

5

நெவிலை நான் நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன்.

அவர் ஏன் எங்கள் பேண்டில் வந்து சேர்ந்தார்? அவருடைய பேண்டு கலைந்துவிட்டதாம், எங்களிடம் இடம் காலியாக இருந்ததாம். அந்த இடம் ஏன் காலி என்று அவருக்குத் தெரியும். போதாததற்கு, வாத்தியம் பேண்டுக்குச் சொந்தமானது. வழக்கு முடிந்து திரும்பி வந்த அதே யூஃபோனியத்தைத்தான் அவர் மடியில் வைத்து ஊதுகிறார். கல்லாவில் டேரனிடமிருந்து வாங்கிய அதே வாத்தியம். கற்பனையாக இருந்தால் இதை நான் வெட்டியிருப்பேன், ரொம்ப அழகாகப் பொருந்துகிறது என்று. வெட்ட முடியவில்லை, அதுதான் நடந்தது.

பிராயச்சித்தம் செய்ய வந்தாரா, பக்கத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தாரா, நல்ல பேண்டில் வாசிக்கிற ஆசையா? கேட்டேன்.

"மூணுமே இருக்கும்" என்றார். "உனக்கு எது நல்லாத் தெரியுதோ அத வெச்சுக்க."

இந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

6

அவர் மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நானும் இதை எதிர்பார்க்கவில்லை. போலீஸ்காரர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார், அதுதான் கதை என்று நினைத்து உட்கார்ந்தேன். அவர் சொல்லிவிட்டார்.

கடையை அடைத்ததும் தினமும் மேலதிகாரிக்கு போன் பண்ண வேண்டும். கேள்விகள் மாறாது. பெரிலக்காவுக்கு நேர்ந்தது தெரியவந்த அன்றும் அதேதான்.

"உனக்கு ஏதும் அடிபட்டுதா?"

"இல்ல சார்."

"நம்மாளுங்க யாருக்காச்சும்?"

"இல்ல சார்."

"அப்ப சரி, நாளைக்கு—"

"சார், ஒரு பொம்பளைக்குப் பட்டுருக்கு."

"கடைக்குள்ளயா?"

"அவங்க வீட்டுல. திருடப் போன எடத்துல. கை ஒடஞ்சுருச்சு."

"அது லோக்கல் ஸ்டேஷன் பாத்துக்கும்ப்பா. நமக்கும் அதுக்கும் என்ன?"

"நாந்தான் சார் கேட்டேன். யூஃபோனியம் வேணும்னு என் வாயால கேட்டேன். கேமராவுல இருக்கும், பாத்துக்கங்க."



"சரி, சொல்லிட்டல்ல?" என்றார் மேலதிகாரி. "எனக்கு வந்து சேந்துருச்சு. நான் மேல சொல்றேன். உன் கடம முடிஞ்சுது. போய் டீ போட்டுக் குடி."

ரகசிய வேலையில் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் அதைச் சொல்ல வேண்டியது கடமை. நெவில் அதைச் செய்தார். மேலதிகாரி தன் மேலதிகாரியிடம் சொன்னார். அவர் இன்னும் மேலே சொன்னார். ஒருவர்கூடத் தவறவில்லை. மேலே இருந்து ஒரு பதில் படியிறங்கி வந்தது: அந்தப் பெண்மணிக்கு இப்போது தெரிவிக்க வேண்டாம், கடை நடந்துகொண்டிருக்கிறது. நியாயம்தான். அப்புறம் கைதுகள் நடந்தன. வழக்கு நிற்கிறது, இப்போது வேண்டாம். அதுவும் ஒருவகையில் நியாயம். டேரன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கேமராவில் இருந்ததை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் மேலதிகாரிக்கு மாற்றல். அவருக்கு மேலே இருந்தவர் ஓய்வு. அந்த 'இப்போது வேண்டாம்' மட்டும் அப்படியே நின்றுவிட்டது; அதை எடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

[இங்கே 'அதிகார அமைப்பு என்பது' என்று ஒரு பத்தி ஆரம்பித்தேன். நானே கொட்டாவி விட்டதால் நிறுத்திவிட்டேன்.]

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை பேர் இத்தனை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்கள். கை உடைந்தவரைத் தவிர சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரியும்.

7

தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது, கை திரும்பி வருமா என்று கேட்கலாம். வராது. ஆனால் பெரிலக்கா இத்தனை வருடமாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறார். டீ ஊற்றும்போது என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணு சொல்லு கண்ணு. முன்னால டீவி இருந்துச்சு, மேசமேல எங்கம்மா மோதரம் இருந்துச்சு. அந்தப் பய அதத் தாண்டிப் போயி யூஃபோனியத்தத் தூக்கறான். அத வித்தா யாரு வாங்குவா? யாரோ ஒருத்தன் சொல்லித்தான வந்துருக்கான்?"

"தெரியலையேக்கா" என்பேன். அப்போது உண்மையிலேயே தெரியாது.

"எனக்குத் தெரியும். நான் அன்னிக்கு வரல, வாத்தியம் வீட்டுலதான் இருக்குன்னு ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். ரஸல்கிட்ட. அவனும் டேரனும் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவனுங்க."

ரஸல் அவருடைய தங்கை ஏவ்ரிலின் மகன். எங்கள் பேண்டில் டிராம்போன் ஊதிக்கொண்டிருந்தவன். பெரிலக்கா அவனைப் பேண்டு அறையிலேயே எல்லோர் முன்னாலும் கேட்டார். அவன் அழுதான். அழுததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். அவன் பேண்டைவிட்டுப் போனான். அக்காவும் தங்கையும் ஒரே தெருவில் இருந்துகொண்டு அன்றிலிருந்து பேசுவதில்லை. இந்தக் கோடையில் ரஸலுக்குக் கல்யாணம். வந்த அழைப்பிதழைப் பெரிலக்கா பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அதை ஒத்திகையில் அவர் பெருமையாகச் சொன்ன வாரம்தான் நெவில் என்னிடம் கண் காட்ட வந்தார். அவருடைய பார்வையில் ஒரு குறையும் இல்லை.

ஆக, இந்தக் கதையில் இன்னும் உடையாமல் காப்பாற்றக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. ரஸல் என்கிற ஒருவன், செய்யாத ஒன்றுக்காகத் தன் பெரியம்மா இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான்.

8

முடிவுகள். இரண்டு எழுதினேன்.

(அ) நெவில் சொல்லிவிடுகிறார். பெரிலக்கா அழுது, மன்னித்து, இடது கையால் அவர் கன்னத்தைத் தட்டுகிறார். கல்யாணத்தில் பேண்டு முழங்குகிறது. — எனக்குப் பெரிலக்காவைத் தெரியும். சூடான டீக்கெண்டி கையில் இருக்கும்போது அவர் கன்னத்தைத் தட்டமாட்டார்.

(ஆ) பெரிலக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்துதான் நெவிலை அந்த நாற்காலியில் உட்காரவைத்து மூச்சு முட்ட முட்ட வாசிக்கவைக்கிறார். — இது உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் ரொம்பப் பிடித்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது. அவருக்கு முன்பே தெரியும் என்றால் யாரும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நெவில் தப்பித்தார், மேலதிகாரிகள் தப்பித்தார்கள், நானும் தப்பித்தேன். ஆனால் ரஸலைத் தெரிந்தே அழவைத்தவர் என்ற பழி பெரிலக்கா தலையில் விழுந்துவிடும். கிழித்துவிட்டேன்.

முடிவு எதுவும் சரிவராமல் நெவிலிடமே போனேன். "இத நான் எழுதப்போறேன்" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, "உங்க பாஷையிலதான எழுதுவ?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப எழுது டாக்டரு, நல்லா எழுது. யார்கிட்டயாச்சும் சொன்னா எனக்கும் பாரம் கொறையும்."

அன்று ராஜ நடையில் வீட்டுக்குப் போனேன். அனுமதி கிடைத்துவிட்டதே! ஏழு பகுதியையும் எழுதி முடித்து, திருத்தி, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன்.

9

போன வியாழக்கிழமை. இடைவேளை. பெரிலக்கா டீயுடன் வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது, சுழிசுழியா? புதுப் பாட்டா?"

"இல்லக்கா, கத. எங்க பாஷைல."

"யாரப் பத்தி?"

இரண்டு நாற்காலி தள்ளி நெவில் ஊதுமுனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"ஒரு போலீஸ்காரரப் பத்தி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அடடே! போலீஸ் கதன்னா எனக்கு உசுரு. டீவில போட்டா அடுப்புல வெச்சது கருகினாக்கூட எந்திரிக்க மாட்டேன். யாரு செஞ்சாங்கன்னு கடைசில சொல்லிருவாங்க பாரு, அதுலதான் ஒரு நிம்மதி." குனிந்து தாள்களை உற்றுப் பார்த்தார். "இதுல சொல்லிருக்கியா?"

"சொல்லிருக்கேன்க்கா."

"நல்லது. சொல்லாம வுட்டா படிக்கிறவங்களுக்குக் கோவம் வரும்."

பேண்டை நடத்துகிறவர் குச்சியைத் தட்டினார். எல்லோரும் இடத்துக்குப் போனோம். அன்று நான் அடித்த அடி ஒன்றுகூடத் தாளத்தில் விழவில்லை. பெரிலக்கா திட்டிய திட்டும் காதில் ஏறவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லியிருக்கிறேன்தான். ஒழுங்காக, விவரமாக, ஒன்றுவிடாமல், உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குக் கை உடையவில்லை. நெவில் மேலதிகாரிக்குச் சொன்னார், அவர் தன் மேலதிகாரிக்குச் சொன்னார், நான் வாசகர்களுக்குச் சொன்னேன். எல்லோருக்கும் பாரம் குறைந்தது.

ஒத்திகை முடிந்ததும் நெவிலைக் கார் நிறுத்தும் இடத்தில் பிடித்தேன்.

"வர்ற வியாழக்கிழம, மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி அவங்க டீக்குத் தண்ணி வைக்க வருவாங்கல்ல, அப்ப நான் போறேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலையும், இன்று வியாழக்கிழமை நடக்கப்போவதாக நான் நினைப்பதையும் இங்கே மூன்று பக்கம் எழுதிவைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. காலையில் எடுத்துவிட்டேன்.

முடிவைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்களுக்குக் கோபம் வரும் என்று பெரிலக்கா சொன்னது சரிதான். கோபித்துக்கொள்ளுங்கள். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். இந்த முடிவை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை.